ஆல்பாவைக் காகிதமே தடுத்துவிடும் என்றால் அதற்கு அஞ்சுவது ஏன்? கதிரியக்க அடிப்படைகள் குறித்த விவாதம்

கேள்விக்கணை எழுதியது:

வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கு அணுக்கரு இயற்பியல் பாடம் நடத்தி வருகிறேன். ஆல்பா துகளை ஒரு காகிதத் தாள் தடுத்துவிடும், பீட்டா துகளைத் தடுக்கச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு வேண்டும், காமா கதிருக்குத் தடித்த ஈயம் வேண்டும் என்ற வரிசையை எல்லா மாணவர்களும் தடுமாறாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அந்த வரிசை உதவுவதில்லை. காகிதமே தடுத்துவிடும் ஒன்றை மிகக் கொடியது என்று சில நூல்கள் ஏன் எச்சரிக்கின்றன? அரைவாழ்வுக் காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 447 கோடி ஆண்டுகள் என்றால் யுரேனியம்-238 தானே எல்லாவற்றிலும் ஆபத்தானதாக இருக்க வேண்டும்? காமா கதிர் பட்ட பொருள் தானும் கதிரியக்கப் பொருளாகிவிடுமா? இம்மூன்றுக்கும் தனித்தனியே விடை சொல்லிவிட முடியும். ஆனால் இவற்றுக்கு அடியில் ஒரு பொதுவான குழப்பம் இருப்பதாகத் தோன்றுகிறது. அது எது என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அளவுகோல் எழுதியது:

உங்கள் ஐயம் சரியானதே. கதிர்வீச்சு "வலிமையானது" என்று சொல்லும்போது நாம் வெவ்வேறு அளவுகளை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். ஒரு கதிர் எவ்வளவு தொலைவு ஊடுருவும் என்பது ஒன்று. சென்ற வழியில் எவ்வளவு நெருக்கமாக ஆற்றலை இறக்கிவைக்கும் என்பது வேறொன்று. ஒரு நொடியில் எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்பது இவ்விரண்டோடும் தொடர்பில்லாத மூன்றாவது அளவு. காகிதம், அலுமினியம், ஈயம் என்ற வரிசை முதல் அளவைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அந்த வரிசை எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் அதன் எல்லையும் புரியும். 1896ஆம் ஆண்டு பாரிசில் ஹென்றி பெக்கொரல், கருப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டின் மேல் யுரேனிய உப்பை வைத்து ஆய்ந்து கொண்டிருந்தார். சூரிய ஒளி பட்ட பிறகே அந்த உப்பு கதிரை வெளிவிடும் என்பது அவரது எதிர்பார்ப்பு. வானம் மேகமூட்டமாக இருந்ததால் இழுப்பறைக்குள்ளேயே வைத்திருந்த தகட்டை மார்ச் 1ஆம் நாள் கழுவிப் பார்த்தபோது, ஒளியே படாத நிலையிலும் அது நன்றாகக் கருத்திருந்தது. மேரி கியூரி அடுத்து நடத்திய அளவீடுகளில், கதிரின் செறிவு சேர்மத்தில் உள்ள யுரேனியத்தின் அளவை மட்டுமே பொறுத்தது, அது எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று என்று தெரியவந்தது. ஆகவே இது மூலக்கூறின் பண்பன்று, அணுவின் பண்பு என்று அவர் முடிவு செய்தார். என் பார்வையில், பெக்கொரலின் கண்டுபிடிப்பைவிட இந்த முடிவுதான் அணுக்கரு இயற்பியலுக்கு வாயிலைத் திறந்தது.

1899இல் ரூதர்ஃபோர்டு, மெல்லிய உலோகத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, யுரேனியக் கதிரில் எளிதில் தடைபடும் ஒரு பகுதியும் எளிதில் தடைபடாத இன்னொரு பகுதியும் இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயரிட்டார். 1900இல் பால் வில்லார் அவற்றைக் காட்டிலும் ஆழமாக ஊடுருவும் மூன்றாவது வகையைக் கண்டார். அது பின்னர் காமா எனப்பட்டது. இப்பெயர்கள் இடப்பட்டபோது அவை என்ன பொருளால் ஆனவை என்பது முழுமையாகத் தெரியாது. ஊடுருவும் திறன் ஒன்றுதான் அன்று கையில் இருந்த அளவுகோல். ஆல்பா என்பது இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த ஹீலியம் அணுக்கரு என்பதை ரூதர்ஃபோர்டும் ராய்ட்சும் 1909இல் வெளியிட்ட ஆய்வே ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. மிக மெல்லிய கண்ணாடிச் சுவரை ஊடுருவிச் சென்ற ஆல்பா துகள்களை மறுபுறம் சேகரித்து, அங்கே மின்னிறக்கத்தின் போது ஹீலியத்தின் நிறமாலைக் கோடுகள் தோன்றுவதை அவர்கள் காட்டினார்கள்.

ஆல்பா ஏன் எளிதில் நின்றுவிடுகிறது? அதற்கு வலுவில்லை என்பதாலன்று. அது கனமானது, இரட்டை மின்னூட்டம் கொண்டது, ஒப்பளவில் மெதுவாகச் செல்வது. ஆகவே வழியிலுள்ள ஒவ்வோர் அணுவோடும் மோதி எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டே செல்கிறது. காற்றில் ஓர் அயனி இணையை (பிடுங்கப்பட்ட எலக்ட்ரானும் அதை இழந்த அணுவும்) உண்டாக்க ஏறத்தாழ 34 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகும்; எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவிலான ஆற்றலின் அலகு. அப்படியானால் 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆல்பா துகள் ஒன்று, நிற்பதற்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் அயனி இணைகளை உண்டாக்குகிறது, அதுவும் வெறும் மூன்றரை சென்டிமீட்டர் தொலைவுக்குள். உயிர்த்திசுவில் அதே ஆற்றல் முழுவதும் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டருக்குள், அதாவது ஒரு சில செல்களுக்குள், இறங்கிவிடுகிறது. காகிதத்தைத் தாண்ட முடியாமைக்கும், தான் நிற்கும் இடத்தில் பெருஞ்சேதம் விளைவிப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

கடலோடி எழுதியது:

விளக்கத்தின் இயற்பியலை ஏற்கிறேன். அதிலிருந்து எடுக்கும் முடிவை அல்ல. நமது தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. ஆல்பா எவ்வளவு ஆற்றலை இறக்கினாலும் அது அந்த இறந்த அடுக்கில்தான் இறங்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு காமா மூலத்தின் அருகே நிற்பவரின் உடலுறுப்புகள் எல்லாம் கதிரை ஏற்கின்றன. ஆல்பா மூலத்தின் அருகே நிற்பவருக்கு எதுவும் நேர்வதில்லை. எனவே நடைமுறையில் பாடநூலின் வரிசை ஆபத்தின் வரிசையாகவும் இருக்கிறது. மாணவர்களிடம் அதை ஏன் குழப்ப வேண்டும்?

மறைமதி எழுதியது:

கடலோடி அவர்களுக்கு: மூலம் உடலுக்கு வெளியே இருக்கும் வரையில் நீங்கள் சொல்வது முழு உண்மை. ஆனால் அந்த நிபந்தனையைச் சொல்லாமல் விட்டால் பாடம் ஆபத்தானதாகிவிடும். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது கதிரின் வகையை அல்ல. மூலம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைத்தான்.

இதற்கு வரலாறு கொடுத்த விலை பெரிது. 1920களில் அமெரிக்காவில் இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டிய பெண் தொழிலாளர்கள், தூரிகை நுனியைக் கூராக்க அதை உதட்டில் வைத்துக் குவிப்பது வழக்கமாக இருந்தது. ரேடியம் வேதியியல் முறையில் கால்சியத்தை ஒத்தது. ஆகவே உடல் அதை எலும்பில் சேர்த்து வைத்துக்கொண்டது. தோலைக் கடக்க முடியாத அதே ஆல்பா துகள்கள், எலும்பிலும் அதை ஒட்டிய உயிருள்ள செல்களிலும் பல ஆண்டுகள் ஆற்றலை இறக்கின. தாடையெலும்பு அழிந்தவர்களும் எலும்புப் புற்றுநோயால் இறந்தவர்களும் அவர்களுள் பலர். ரேடியம்-226இன் அரைவாழ்வுக் காலம் 1,600 ஆண்டுகள் என்பதால், ஒரு மனித ஆயுளில் அதன் வேகம் குறைந்து யாரும் தப்பிக்க வழியில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு நாம் எல்லோரும் மூச்சில் இழுப்பது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்தின் சிதைவுத் தொடரில் ரேடான்-222 என்ற வாயு உண்டாகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் 3.8 நாட்கள். வாயுவாக இருப்பதால் தரையின் விரிசல்கள் வழியே காற்றோட்டமில்லாத அறைகளில் வந்து தேங்குகிறது. அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகியவை திண்மங்கள். காற்றிலுள்ள நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் உட்சுவரில் படிந்து, அங்கிருந்து ஆல்பாவை வெளிவிடுகின்றன. இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுதோறும் பெறும் உலகச் சராசரி அளவு 2.4 மில்லிசீவர்ட் என மதிப்பிடப்படுகிறது. அதில் ஏறத்தாழ பாதி இந்த ரேடான் குடும்பத்திலிருந்து வருவதே.

அளவீட்டு அலகுகளிலேயே இந்த வேறுபாடு பதிந்திருக்கிறது. பெக்கொரல் என்பது நொடிக்கு எத்தனை சிதைவுகள் என்ற எண்ணிக்கை மட்டுமே. கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருளில் எத்தனை ஜூல் ஆற்றல் இறங்கியது என்பது. சீவர்ட் என்பது அந்த ஆற்றல் உயிருக்கு என்ன செய்யும் என்பதைக் கணக்கில் கொள்வது. கிரேயிலிருந்து சீவர்ட்டுக்கு வரும்போது பீட்டாவுக்கும் காமாவுக்கும் 1 ஆல் பெருக்குகிறோம். ஆல்பாவுக்கு 20 ஆல் பெருக்குகிறோம். "எத்தனை பெக்கொரல்" என்று மட்டும் சொல்லும் செய்தியைப் படித்தால், அது எந்தத் தனிமம், எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அஞ்சவோ அமைதியடையவோ வழியில்லை.

கடலோடி எழுதியது:

அப்படியானால் நிபந்தனையோடு சொல்வதே சரி: வெளியே இருந்தால் காமா முதலில், உள்ளே சென்றுவிட்டால் ஆல்பா முதலில். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை.

எண்ணாளன் எழுதியது:

இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இதில் உள்ள தவறான எண்ணம் மிகப் பரவலானது. அரைவாழ்வுக் காலம் நீண்டது என்றால் அணுக்கள் மிக அரிதாகவே சிதைகின்றன என்று பொருள். ஒரு நொடியில் நிகழும் சிதைவுகளின் எண்ணிக்கை, அணுக்களின் எண்ணிக்கையை 0.693 ஆல் பெருக்கி, நொடிகளில் சொல்லப்பட்ட அரைவாழ்வுக் காலத்தால் வகுத்தால் கிடைக்கும். இந்த ஒரு வாய்பாட்டை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

1 கிராம் யுரேனியம்-238இல் நொடிக்கு ஏறத்தாழ 12,400 சிதைவுகள் நிகழ்கின்றன. 1 கிராம் ரேடியம்-226இல் அது ஏறத்தாழ 3,660 கோடி. கியூரி என்ற பழைய அலகு இதிலிருந்தே வந்தது. 138 நாட்கள் அரைவாழ்வுள்ள பொலோனியம்-210இல் 166 லட்சம் கோடி. 8 நாட்கள் மட்டுமே அரைவாழ்வுள்ள அயோடின்-131இல் ஏறத்தாழ 4,600 லட்சம் கோடி. 447 கோடி ஆண்டுகள் என்ற எண்ணைக் கேட்டு நடுங்கும் மாணவர், உண்மையில் இப்பட்டியலில் மிகச் சோம்பலான அணுவைக் கண்டு நடுங்குகிறார். யுரேனியத்தை விழுங்கினால் முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம். அதுவும் கன உலோகம் என்ற வேதியியல் காரணத்தால்.

தலைகீழான முடிவுக்கும் தாவிவிடக் கூடாது. அரைவாழ்வு மிகக் குறுகியதாக இருந்தால், பொருள் நம்மை அடையும் முன்பே தீர்ந்துவிடும். நெடுங்காலத் தொல்லை தருபவை இடைப்பட்டவை: ஏறத்தாழ 30 ஆண்டுகள் அரைவாழ்வுள்ள சீசியம்-137, 29 ஆண்டுகள் அரைவாழ்வுள்ள ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை. கணிசமான வேகத்தில் சிதையும் அளவுக்குக் குறுகியது, ஒரு தலைமுறைக்கும் மேல் மண்ணில் தங்கும் அளவுக்கு நீண்டது. உடல் அவற்றை எப்படி நடத்துகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சீசியத்தைப் பொட்டாசியம் போலக் கருதி உடல் முழுதும் பரப்பிச் சில மாதங்களில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும் உடல், ஸ்ட்ரான்சியத்தைக் கால்சியம் என்று கருதி எலும்பில் வைத்துக்கொள்கிறது.

ஓர் இடைக்குறிப்பு. கனிமமான பிட்ச்பிளெண்டு, அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மீறிய கதிரியக்கச் செயல்பாட்டைக் காட்டியதே கியூரி இணையரை 1898இல் பொலோனியத்துக்கும் ரேடியத்துக்கும் இட்டுச் சென்றது. யுரேனியம்-238 நேரே ஈயமாவதில்லை. 8 ஆல்பா, 6 பீட்டா சிதைவுகளைக் கடந்துதான் ஈயம்-206 ஆகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடந்த கனிமத்தில் அந்த வழித்தோன்றல்கள் எல்லாம் கூடியிருக்கின்றன. தூய்மையாக்கிய யுரேனியத்தில் அவற்றில் பெரும்பாலானவை இல்லை.

கேள்விக்கணை எழுதியது:

மிக்க நன்றி. இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. யுரேனிய அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. அப்படியிருக்க ஒன்று இன்று சிதைகிறது, பக்கத்தில் இருப்பது 900 கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. முதல் அணுவுக்குள் ஏதேனும் தேய்மானம் நடந்திருக்குமா?

அளவுகோல் எழுதியது:

தேய்மானம் இல்லை. அணுக்கருவுக்கு வயது கிடையாது. 400 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த யுரேனியம்-238 அணுவும், சற்று முன் புளூட்டோனியம்-242இன் சிதைவில் பிறந்த யுரேனியம்-238 அணுவும், அடுத்த ஒரு நொடியில் சிதைவதற்கான வாய்ப்பில் முற்றிலும் சமமானவை. தனி அணுவின் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. பெருந்திரளின் போக்கை மட்டும் மிகத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

இதன் காரணத்தை 1928இல் காமோவும், அவரைச் சாராமல் கர்னி, காண்டன் ஆகிய இருவரும் கண்டார்கள். அணுக்கருவுக்குள் இருக்கும் ஆல்பா துகளைச் சுற்றி, அதன் ஆற்றலைவிடப் பல மடங்கு உயர்ந்த ஆற்றல் தடுப்பு ஒன்று இருக்கிறது. பழைய இயற்பியலின்படி அது ஒருபோதும் வெளிவர முடியாது. குவாண்டம் இயற்பியலின்படி, தடுப்பை ஊடுருவி வெளியே காணப்படுவதற்கு ஒரு மிகச்சிறிய நிகழ்தகவு உண்டு. அந்த நிகழ்தகவு துகளின் ஆற்றலைப் பொறுத்து வியக்கத்தக்க வகையில் மாறுகிறது. யுரேனியம்-238 வெளிவிடும் ஆல்பாவின் ஆற்றல் 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். பொலோனியம்-212 வெளிவிடுவது 8.8 மில்லியன். ஆற்றல் இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். ஆனால் முன்னதன் அரைவாழ்வு 447 கோடி ஆண்டுகள், பின்னதன் அரைவாழ்வு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்று கூட இல்லை. அரைவாழ்வில் உள்ள வேறுபாடு 1க்குப் பின் 23 சுழியங்கள் போடத்தக்க மடங்கு. கைகர், நட்டால் என்ற இருவரும் 1911லேயே இந்தத் தொடர்பை அளந்து வைத்திருந்தார்கள். ஏன் அப்படி என்பதுதான் 17 ஆண்டுகள் காத்திருந்தது. இயற்பியலில் இவ்வளவு அழகாகப் பொருந்திய விளக்கங்கள் அரிது என்பேன்.

கடலோடி எழுதியது:

பீட்டாவைப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை. ஒரே தனிமம் வெளிவிடும் ஆல்பா துகள்கள் குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டுமே வருகின்றன. பீட்டாவோ சுழியிலிருந்து ஓர் உச்சம் வரை எல்லா ஆற்றல்களிலும் வருகிறது. ஏன்?

அளவுகோல் எழுதியது:

பீட்டா சிதைவில் வெளிவருபவை இரண்டு. அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் பிறக்கின்றன. கிடைக்கும் ஆற்றலை அவை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சாட்விக் 1914இல் இந்தத் தொடர் நிறமாலையைக் கண்டபோது, ஆற்றல் அழிவின்மை விதியே பொய்த்துவிட்டதோ என்ற ஐயம் பின்னர் எழுந்தது. காணமுடியாத இன்னொரு துகள் ஆற்றலைக் கொண்டு செல்கிறது என்று பவுலி 1930இல் முன்மொழிந்தார். ரைனசும் கோவனும் அதை 1956இல் அணு உலையின் அருகே பிடித்துக் காட்டினார்கள். நியூட்ரினோ உடலிலோ கவசத்திலோ எதையும் செய்யாமல் கடந்துவிடுவதால் பாதுகாப்புக் கணக்கில் அதற்கு இடமில்லை. புரோட்டான் நியூட்ரானாக மாறும் வகையில் பாசிட்ரான், அதாவது நேர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரான், வெளிவரும். மருத்துவப் படமெடுப்பில் பயன்படும் ஃபுளூரின்-18 அத்தகையது.

காமா பற்றியும் ஒன்று. அது பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ஆல்பா அல்லது பீட்டா சிதைவுக்குப் பின் கிளர்ச்சி நிலையில் எஞ்சும் அணுக்கரு தன் மிகுதி ஆற்றலை விடுவதே காமா. சீசியம்-137இன் காமா என்று நாம் வழங்கும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை உண்மையில் வெளிவிடுவது, சீசியம் சிதைந்து உண்டான பேரியம்-137.

மறைமதி எழுதியது:

> கேள்விக்கணை: "காமா கதிர் பட்ட பொருள் தானும் கதிரியக்கப் பொருளாகிவிடுமா?"

ஆகாது. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யக் கோபால்ட்-60இன் காமா கதிர்கள் பயன்படுகின்றன. அவற்றின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பெயர்த்தெடுக்க மிகக் குறைந்த ஆற்றல் தேவைப்படுவது பெரிலியத்தில், அங்கும் 1.67 மில்லியன் வேண்டும். பெரும்பாலான தனிமங்களில் அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஆகவே இக்கதிர் எலக்ட்ரான்களைக் கலைத்துவிட்டுப் போகிறதே தவிர அணுக்கருவை மாற்றுவதில்லை. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர் அறையை விட்டு வெளியே வரும்போது எந்தக் கதிரையும் சுமந்து வருவதில்லை.

நியூட்ரான்கள் இதற்கு விலக்கு. மின்னூட்டமில்லாத அவை அணுக்கருவுக்குள் எளிதில் நுழைந்து அதையே வேறு ஐசோடோப்பாக, அதாவது அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுவாக, மாற்றிவிடும். கோபால்ட்-60 உண்டாக்கப்படுவதே, சாதாரணக் கோபால்ட்-59ஐ அணு உலையின் நியூட்ரான்களுக்கு நடுவே வைத்துத்தான்.

மக்கள் அஞ்சும் "தொற்றுதல்" என்பது வேறு நிகழ்வு: கதிரியக்கப் பொருளே தூளாகவோ நீர்மமாகவோ மேலே படிந்து, உடன் வருவது. 1987இல் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட கருவி உடைக்கப்பட்டு, அதனுள் இருந்த சீசியம் குளோரைடு தூள் வெளியே வந்தது. இருளில் நீல நிறமாக ஒளிர்ந்த அதன் அழகில் மயங்கி அதைக் கையில் எடுத்தவர்களும் உடலில் பூசிக்கொண்டவர்களும் இருந்தார்கள். நால்வர் இறந்தார்கள், 249 பேர் மீது சீசியம் படிந்திருந்தது கண்டறியப்பட்டது. அந்தத் தூள் உடைபடாத உறைக்குள் இருந்தவரை விலகி நிற்பதே போதுமான பாதுகாப்பு: மூன்று மடங்கு தொலைவு சென்றால் கதிர் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். தூள் விரலில் ஒட்டிய பிறகு விலகிச் செல்ல இடமேது? அப்போது கழுவி நீக்குவதே முதல் வேலை. மாணவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று கற்பிக்கலாம் என்றால், கதிர் படுவதற்கும் கதிரியக்கப் பொருள் படிவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டையே கற்பிப்பேன்.

எண்ணாளன் எழுதியது:

எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதைக் கதிர் பொறுத்ததன்று என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கையும் பதிந்துவைக்கிறேன். வெப்பமோ வேதிச்சேர்க்கையோ சிதைவு வேகத்தை மாற்றாது என்பது அன்றாட அளவில் உண்மை. ஆனால் முற்றுமுழுதான விதியன்று. பெரிலியம்-7 தன் சுற்றிலுள்ள எலக்ட்ரானையே விழுங்கிச் சிதைவதால், அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அரைவாழ்வு மிகச் சிறிதளவு மாறுகிறது. இதைவிட வியப்பானது ரீனியம்-187. சாதாரண நிலையில் 4,000 கோடி ஆண்டுகளுக்கும் மேலான அதன் அரைவாழ்வு, எலக்ட்ரான்கள் அனைத்தையும் நீக்கிவிட்டால் ஏறத்தாழ 33 ஆண்டுகளாகச் சுருங்குவதை 1996இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் அளந்தார்கள். பீட்டாவாகப் பிறக்கும் எலக்ட்ரானுக்கு அணுவிலேயே காலியான இடம் கிடைத்துவிடுவதுதான் காரணம்.

கேள்விக்கணை எழுதியது:

கடைசியாக ஒன்று. ஈயம் எல்லாவற்றையும் தடுக்கும் என்றால், பாஸ்பரஸ்-32 போன்ற பீட்டா மூலங்களை ஆய்வுக்கூடங்களில் ஈயத்துக்குப் பதிலாக அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் வைப்பது ஏன்?

மறைமதி எழுதியது:

வேகமான எலக்ட்ரான் கனமான அணுக்கருவின் அருகே திடீரென வேகம் குறையும்போது எக்ஸ் கதிரை வெளிவிடுகிறது. அணு எண் உயர உயர இந்த விளைவு மிகும். பாஸ்பரஸ்-32இன் பீட்டா 1.71 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை செல்வது. அதை நேரே ஈயத்தில் மோதவிட்டால், எளிதில் தடுக்கக்கூடிய எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு ஊடுருவும் எக்ஸ் கதிர்களை வாங்கிக்கொள்கிறோம். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்களால் ஆன அக்ரிலிக் 1 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால், எலக்ட்ரான்கள் மிகக் குறைந்த எக்ஸ் கதிரோடு அதிலேயே நின்றுவிடும். மூலம் மிகுந்த செயல்பாடுள்ளதாக இருந்து, அந்தச் சிறிதளவு எக்ஸ் கதிரையும் குறைக்க வேண்டுமானால், அக்ரிலிக்குக்கு வெளிப்புறத்தில் மெல்லிய ஈயத் தகடு சேர்ப்பார்கள். மூலத்தை ஒட்டி அக்ரிலிக், அதற்கு வெளியே ஈயம் என்ற அந்த வரிசையை மாற்றி வைக்கக் கூடாது.